பூட் கிழிந்தால் ஆக்ஸிலையே மாற்ற வேண்டுமா?

ஒரு வாசகரின் கேள்வி:
முன்சக்கர டிரைவ் கார். இடது முன்சக்கர ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறது. பட்டறையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெளிப்பக்க சி.வி. பூட் கிழிந்துபோச்சு. பூட் மட்டும் மாற்றுவது வீண்வேலை, முழு ஆக்ஸிலையும் போட்டுவிடலாம்" என்கிறார்கள். வண்டியில் சத்தம் எதுவும் இல்லை. பூட் மட்டும் மாற்றினால் போதாதா?

ஜூன் 3
போதும். ஆக்ஸில் என்றால் கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் மடங்கியபடியே சுற்றும் ஜாயிண்டுகள், எல்லாம் சேர்ந்தது. பூட் என்பது ஜாயிண்டின் மேல் கிரீஸை உள்ளே பிடித்து வைத்திருக்கும் துருத்தி உறை. சத்தம் போடாத ஜாயிண்டைத் தூக்கி எறியச் சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை.

பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவர் கணக்கு வேறு. பூட் மாற்றினாலும் ஆக்ஸில் மாற்றினாலும் சக்கரத்தைக் கழற்றி, ஷாஃப்டைச் சக்கர மையத்தோடு (ஹப்) பிடித்திருக்கும் ஹப் நட்டை எடுத்து, சஸ்பென்ஷனின் லோயர் ஆர்மைப் பிரித்து, ஷாஃப்டை வெளியே உருவ வேண்டும். அதுவரை வேலை ஒன்றுதான். அதற்கப்புறம் பூட் மாற்றுகிறவர் ஜாயிண்டைக் கழற்றி, பழைய கிரீஸைக் கழுவி, புதுசை அடைத்து, பூட்டின் வாயைக் கட்டும் கிளாம்பை இறுக்கி, முழங்கை வரை கறுப்பாகி நிற்க வேண்டும். ஆக்ஸில் மாற்றுகிறவர் பெட்டியைப் பிரித்து மாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடலாம். அதோடு, பூட் போட்டுக் கொடுத்த ஜாயிண்ட் கொஞ்ச நாளில் சத்தம் போட்டால் வாடிக்கையாளர் வந்து அவர் சட்டையைத்தான் பிடிப்பார். அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது கம்பெனியிலேயே பூட்டி வந்த ஜாயிண்ட். அதற்கு ஈடான தரத்தில் கடையில் ஒரு முழு ஆக்ஸில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கம்பெனி ஆக்ஸிலே வாங்குவதாக இருந்தால் பேச்சே இல்லை. பெயர் தெரியாத ஒன்றை வாங்கி மாட்டுவதாக இருந்தால், நல்லதைக் கொடுத்துவிட்டுச் சுமாரானதை வாங்குகிறீர்கள்.

ஜூன் 3, பின்னிரவு
சத்தம் இல்லை என்பதைச் சாதாரணமாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, கண்ணாடிகளை இறக்கி, மெதுவாக வட்டம் போடுங்கள். லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடியே சுற்ற வேண்டும். அப்புறம் மறுபக்கம். பிறகு ரிவர்ஸிலும் அதே மாதிரி. பக்கத்தில் ஒரு சுவர் இருந்தால் நல்லது, சத்தம் அதில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். தேய்ந்த வெளி ஜாயிண்ட் "டக் டக் டக்" என்று சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்றபடி அடிக்கும். வேகம் கூடினால் அடிப்பும் கூடும். ஒரே ஒரு தடவை "டிக்" என்று கேட்டு நின்றுவிட்டால் அது வேறு கதை, பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 4
"வலது பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் இடது ஜாயிண்ட் போச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குக் கீழேயே இன்னொருவர் நேர்மாறாக அடித்துச் சொல்கிறார். இரண்டு பேருமே அனுபவத்தில்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் இரண்டும் நடக்கும். திரும்பும்போது வெளிவட்டத்தில் போகிற சக்கரத்தின் மேல் எடை அதிகம். உள்வட்டத்தில் போகிற சக்கரமோ அதைவிடக் கூடுதலாக ஒடிகிறது. எடையால் எந்த ஜாயிண்ட் கத்துகிறது, கோணத்தால் எந்த ஜாயிண்ட் கத்துகிறது என்பது தேய்மானம் எங்கே என்பதைப் பொறுத்தது. காதை நம்பி ஆக்ஸில் வாங்காதீர்கள். குனிந்து பூட்டைப் பாருங்கள். கிழிந்த பக்கம்தான் பெரும்பாலும் குற்றவாளி.

ஜூன் 5
பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இந்த விவாதத்தில் பாதி தானாகவே முடிந்துவிடும்.

சாதாரணச் சிலுவை ஜாயிண்ட், அதாவது லாரி புரொப்பல்லர் ஷாஃப்டில் இருப்பது, கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் ஏறி இறங்கும். கோணம் சிறிதாக இருக்கும் வரை யாருக்கும் தெரியாது. திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்கிற முன்சக்கரத்தில் அதை வைத்தால் ஸ்டியரிங் கையில் உதறும். அதனால்தான் சி.வி. (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, மாறாத வேகம்) ஜாயிண்ட். வெளி ஜாயிண்டில் ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்து வைக்கும் ஒரு கூண்டு, உள்ளும் வெளியும் வளைவாகக் கடைந்த பள்ளங்கள். ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் மடிந்தாலும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே குண்டுகள் போய் நிற்கும்படி கூண்டும் பள்ளமும் பார்த்துக்கொள்ளும். அதனால் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். இது 45 டிகிரியை ஒட்டி மடியும்.

கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயிண்ட் பெரும்பாலும் டிரைபாட். மூன்று கால், ஒவ்வொரு காலிலும் ஊசி பேரிங் மேல் ஓடும் ஒரு உருளை. அது அவ்வளவு மடியாது, ஆனால் உள்ளே வெளியே நகரும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஷாஃப்டின் நீளத்தை யாராவது கூட்டிக் குறைக்க வேண்டுமே, அந்த வேலை இதனுடையது.

இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான், மண். கிரீஸ் வெளியே தெறித்துப் போவதே ஒரு நஷ்டம். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் மணலும் உள்ளே போவது அதைவிடப் பெரிய நஷ்டம். மீதி இருக்கிற கிரீஸோடு மணல் கலந்தால் உப்புத்தாளை உள்ளே வைத்து அரைக்கிற கதைதான். ஆகவே பூட் கிழிந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்பதோடு, எந்த மாதிரிச் சாலையில், மழையிலா வெயிலிலா ஓடியது என்றும் கேட்க வேண்டும்.

ஜூன் 6
உள் ஜாயிண்ட் போனால் அறிகுறி வேறு. "டக் டக்" இருக்காது. நேர்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வண்டியின் முன்பக்கம் பக்கவாட்டில் நடுங்கும், காலை எடுத்தால் அடங்கிவிடும். கியர் போட்டு எடுக்கும்போது "டொம்" என்று ஒரு இடி. இதையே வீல் பேலன்ஸ் என்று நினைத்து டயர்க் கடைக்கும் வீட்டுக்கும் அலைகிறவர்கள் நிறைய. பேலன்ஸ் கோளாறு காலை எடுத்ததும் நிற்காது, வேகம் இருக்கும் வரை இருக்கும்.

"ம்ம்ம்" என்று தொடர்ச்சியான இரைச்சல், ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டினால் கூடிக் குறைகிறது என்றால், அது வீல் பேரிங். ஆக்ஸில் வாங்க வேண்டாம்.

ஜூன் 8
உலோகக் கிளாம்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டை கட்டினால் போதாதா என்று ஒருவர். இல்லை, போதாது. கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிளாம்ப் இருக்கிற இடம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சுற்றுகிறது, உள்ளே இருக்கிற கிரீஸ் முழு பலத்தோடு வெளியே போகப் பார்க்கிறது. பிளாஸ்டிக் டை அந்தச் சண்டையில் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் உதவும். இரண்டு டை போட்டால்? இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஜூன் 9
செய்முறை கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். வண்டிக்கு வண்டி மாறும் என்பதை மனதில் வைத்து, வழக்கமாக எங்கே சிக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஹப் நட். வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, நீளமான கம்பியோடு தளர்த்துங்கள். ஜாக்கியில் ஏற்றிவிட்டு இதனோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டை விட்டு நழுவும். நட்டின் உதட்டை ஷாஃப்டின் பள்ளத்தில் அடித்து மடித்திருந்தால் முதலில் அதை உளியால் நிமிர்த்துங்கள். இல்லாவிட்டால் மரை போய்விடும். அப்படி மடிக்கிற நட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புது நட் மலிவு, ஷாஃப்ட் மரை மலிவில்லை. இறுக்குகிற அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பல கார்களில் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், சிலவற்றில் 300ஐயும் தாண்டும். "நல்லா இறுக்கியாச்சு" என்பது ஒரு அளவு கிடையாது.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஹப் நட் தளர்ந்த நிலையில் வண்டியை உருட்டாதீர்கள். பல வண்டிகளில் வீல் பேரிங்கின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நட்தான். அது இல்லாமல் வண்டியின் எடை பேரிங்கில் உட்கார்ந்தால் நல்ல பேரிங்கும் இரைய ஆரம்பித்துவிடும்.

ஷாஃப்டை ஹப்பிலிருந்து தள்ளும்போது மரை நுனியில் நேராகச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. பழைய நட்டை நுனிக்குச் சமமாகத் திருகி வைத்து, மேலே பித்தளைக் கட்டை வைத்துத் தட்டுங்கள். அசையவில்லை என்றால் புல்லர், அதாவது திருகித் தள்ளும் கருவி. துருவோடு சண்டை போடாதீர்கள், துருவுக்குப் பொறுமை ஜாஸ்தி.

வெளிப்பக்கம் விடுபட்டதும் ஷாஃப்டைத் தொங்க விடாதீர்கள், கம்பி கட்டி மேலே தூக்கி வையுங்கள். அப்புறம் எல்லாரும் தவறாமல் செய்கிற காரியம்: ஷாஃப்டைப் பிடித்து இழுப்பது. கியர் பாக்ஸுக்குள் ஷாஃப்டைப் பிடித்திருக்கிற சர்க்ளிப் (வளையக் கிளிப்) விடாது, டிரைபாட் மட்டும் உள் ஜாயிண்டின் கிண்ணத்திலிருந்து உருவிக்கொண்டு வரும், உருளைகள் பூட்டுக்குள் உதிரும். கிண்ணத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் லீவரை வைத்து ஒரே நெம்பாக நெம்ப வேண்டும். ஆயில் சீல் பக்கத்திலேயே இருக்கிறது, லீவர் நுனி அதில் படக் கூடாது. கியர் ஆயில் கொட்டும், கீழே தட்டு வையுங்கள். கொட்டியது எவ்வளவு என்று பார்த்தால்தான் திரும்ப எவ்வளவு ஊற்றுவது என்று தெரியும். சில கார்களில் உள்பக்கம் போல்ட் போட்ட தட்டை விளிம்பு (ஃபிளாஞ்ச்), அங்கே இந்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் அந்த போல்ட்டுகளின் தலையில் அழுக்கு அடைத்திருக்கும், சுரண்டி எடுத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள்.

இரண்டு பக்க ஷாஃப்டையும் ஒரே நேரத்தில் எடுக்கிறவர்கள் கையேட்டைப் பார்த்துவிட்டு எடுங்கள். சில கியர் பாக்ஸ்களில் இரண்டும் வெளியே வந்துவிட்டால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சுற்றலைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) உள்ளே இருக்கும் பக்கப் பற்சக்கரங்கள் இடம் நழுவும். ஒரு பக்கம் முடித்துப் பூட்டிவிட்டு மறுபக்கம் போனால் கவலையே இல்லை.

ஜூன் 9, இரவு
ஜாயிண்டைக் கழுவிப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். மற்றதெல்லாம் நட்டும் போல்ட்டும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேயுங்கள். முதல் கழுவலில் வருவது கறுப்புச் சேறு. அதை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நம்பிக்கை இருக்கிறது. நறநறவென்றால் மணல் புகுந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளித்தூள் மின்னுகிறது என்றால் அது உங்கள் ஜாயிண்டேதான், தூளாக வந்திருக்கிறது.

கழுவி உலர்ந்ததும் உள்வளையத்தை ஒரு பக்கம் முழுக்கச் சாய்த்து எதிர்ப்பக்கக் குண்டை வெளியே தெரிய வையுங்கள். ஆறு குண்டையும் இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் குண்டு ஓடிய தடம் பளபளப்பாகத் தெரியும், அது இயல்பு. அந்தத் தடத்தின் மேல் நகத்தை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. நகம் எங்கேயாவது தட்டி நின்றால் அங்கே உலோகம் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது, அந்த ஜாயிண்டுக்குப் புது பூட் போடுவது வீண். கூண்டின் ஜன்னல்களையும் பாருங்கள். குண்டு உட்காரும் சதுர ஓட்டையின் ஓரத்தில் அடி வாங்கிய பள்ளமோ, மூலையில் முடி அளவு விரிசலோ இருந்தாலும் அதே தீர்ப்புதான். எங்கேயாவது உலோகம் நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் இல்லாமல் காய்ந்து ஓடியிருக்கிறது.

எல்லாம் நன்றாக இருந்தால் முழுக்க உலர்த்துங்கள். மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் புதுக் கிரீஸைக் கரைத்துவிடும். பூட்டோடு வருகிற கிரீஸ் பையை முழுசும் பயன்படுத்துங்கள், பாதியைக் குண்டுகளுக்குள் அழுத்தி அடைத்து மீதியைப் பூட்டுக்குள். வெளி ஜாயிண்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருங்கிரீஸ். உள் டிரைபாடுக்குப் பல நிறுவனங்கள் வேறு வகைக் கிரீஸ் கொடுக்கும். கலக்காதீர்கள். வீல் பேரிங்குக்கு வாங்கி மிச்சமான டப்பாவை இங்கே திறக்கவே திறக்காதீர்கள்.

கடைசிக் கிளாம்பை இறுக்குவதற்கு முன் ஜாயிண்டை நேராக வைத்து, பூட்டின் சின்ன வாயில் மழுங்கின ஸ்குரூடிரைவரை நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை விட்டுவிடுங்கள். அடைபட்ட காற்றோடு இறுக்கினால் பூட் உப்பி நிற்கும், மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும், கொஞ்ச நாளில் அதே கிழிசல். காதுக் கிளாம்புக்கு அதற்கென்று இருக்கிற இடுக்கியால்தான் சரியாக அழுத்த முடியும்.

ஜூன் 12
கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். மடிப்பின் பள்ளத்தில் நீளவாக்கில் கிழிசல், உள்ளே கிரீஸ் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, நிறம் அடர்பச்சைக் கறுப்பு, தண்ணீர் கலந்த பாலாடை நிறம் இல்லை. இது புதுக் கிழிசல். உடனே செய்தால் ஜாயிண்ட் பிழைக்கும். அதுவரை மழையில் எடுக்காதீர்கள்.

வலது பக்கப் பூட்டையும் பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே வயது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுத் துருத்தி மடிப்புகளைக் கட்டைவிரலால் விரித்துப் பார்த்தால் பள்ளத்தில் நுண்விரிசல் தெரியும். மேல்முகடு புதுசாகத் தெரிந்தாலும் பள்ளம்தான் முதலில் வெடிக்கும்.

ஜூன் 13
இரவு யோசித்தபோது தோன்றியது: ஜூன் 3 அன்று எழுதியதை எல்லாருக்கும் பொருந்தும் விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை கூலிக்குச் செய்ய வைக்கிறவருக்கு ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறது: பட்டறையில் ஜாயிண்டைக் கழற்றிக் கழுவிப் பார்ப்பார்களா, இல்லை பழைய சேற்றின் மேலேயே புதுப் பூட்டை இழுத்து மாட்டிவிடுவார்களா? இரண்டாவது ஆள் என்றால், அவர் ஆக்ஸில் மாற்றுவதே உங்களுக்கு நல்லது. மணலை உள்ளே வைத்துப் பூட்டிக் கொடுப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அதே போல, கிழிந்து மாதக்கணக்கில் ஓடிவிட்டது, மழைக்காலம் ஒன்றும் கடந்துவிட்டது என்றால், சத்தம் இல்லாவிட்டாலும் கழுவிப் பார்க்காமல் பூட் வாங்காதீர்கள்.

ஜூன் 17
மலிவு ஆக்ஸில் பற்றிக் கேட்டவர்களுக்கு என் கதை. ஒரு பழைய காரில் உள் ஜாயிண்ட் உண்மையாகவே தேய்ந்துபோய், புது ஆக்ஸில் ஒன்று வாங்கி மாட்டினேன். பெயர் வேண்டாம். ஓட்டும்போது குறை ஒன்றும் இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டி அது, சிக்னலில் டி-யில் (டிரைவ்) போட்டுப் பிரேக்கை மிதித்து நின்றால் மட்டும் ஸ்டியரிங், இருக்கை, கண்ணாடி எல்லாம் நடுங்கும். நியூட்ரலுக்குப் போனால் நின்றுவிடும். எஞ்சின் மவுண்ட் என்று சந்தேகித்து அதையும் மாற்றினேன், மாற்றம் இல்லை.

டிரைபாட் உருளைகள் கிண்ணத்துக்குள் இறுக்கமாக இருந்தால் இப்படி ஆகும். எஞ்சின் ஐடிலில் ஆடுகிற ஆட்டத்தை நல்ல உள் ஜாயிண்ட் நழுவி விழுங்கிவிடும். இறுக்கமானது விழுங்காமல் சக்கரம் வழியாக வண்டிக்குக் கடத்திவிடும். கடைசியில் பரணில் போட்டிருந்த பழைய ஷாஃப்டை எடுத்து, அதற்கு வேறொரு கம்பெனி உள் ஜாயிண்டைப் பொருத்தி மாட்டியதும் நடுக்கம் போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து புதியதை மாட்டி நன்றாக ஓட்டிப் பார்க்கும் வரை பழைய ஆக்ஸிலைக் கடையில் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்திருப்பேன். வீட்டில் இதற்குக் கிடைக்கும் பெயர் "இரும்புக் கடை".

ஜூன் 18
"அப்படியானால் ரீகண்டிஷன் செய்தது?" யார் செய்தார் என்பதைப் பொறுத்தது. ஒழுங்காகச் செய்கிறவர் பள்ளங்களைத் திரும்பக் கடைந்து, அதற்கேற்றபடி கொஞ்சம் பெரிய குண்டுகளைப் போடுவார். ஒழுங்கில்லாதவர் கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, புதுப் பூட் மாட்டுவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கையில் பிடித்து ஜாயிண்டை எல்லாக் கோணத்திலும் மடக்கிச் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது தட்டினாலோ, திருப்பினால் முன்னும் பின்னும் லொடலொடத்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆக்ஸில் வாங்குகிறவர்கள் ஏ.பி.எஸ். பல்வளையத்தையும் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்குச் சக்கர வேகத்தைக் காட்டும் வளையம்) மறக்காதீர்கள். பல வண்டிகளில் அது வெளி ஜாயிண்டின் மேலேயே இருக்கும். பற்களை எண்ணி, பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை மாறினால் விளக்கு எரியும், அல்லது மெதுவாக நிறுத்தும்போது ஏ.பி.எஸ். காரணமே இல்லாமல் துடிக்கும். ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) எண்ணிக்கை, மொத்த நீளம் இரண்டையும் அதே நேரத்தில் சரிபார்த்துவிடலாம்.

ஜூன் 22
பிளவு பூட், அதாவது ஷாஃப்டைக் கழற்றாமல் சுற்றிப் போட்டு ஓரத்தைப் பசையாலோ ஸ்குரூவாலோ சேர்க்கிற வகை, பற்றி மாறி மாறிக் கேட்கிறீர்கள். பசைக்குத் துளிக் கிரீஸ்கூட ஆகாது. கிரீஸ் நிரம்பிய இடத்தில் கிரீஸ் படாமல் ஒட்டுவது யோகிகளுக்குச் சாத்தியம். விற்கப்போகிற வண்டி, ஊர் போய்ச் சேர வேண்டும் என்கிற நிலை, இந்த இரண்டுக்கும் சரி. இதில் இன்னொரு குறை: கழற்றவே இல்லை என்பதால் கழுவவும் முடியாது.

கூம்பு வைத்து விரித்து மாட்டுகிற பூட் அதைவிடப் பல மடங்கு மேல். ஷாஃப்டை ஹப்பிலிருந்து விடுவித்தால் போதும், ஜாயிண்டை ஷாஃப்டிலிருந்து கழற்ற வேண்டாம், பூட் ஜாயிண்டின் மேலாக விரிந்து உள்ளே வரும். சர்க்ளிப் விடாமல் அடம் பிடிக்கிற ஜாயிண்டுகளுக்கு நல்ல வழி. நன்றாக விரிகிற ரப்பர் மெல்லியதாகத்தான் இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கம்பெனிப் பூட்டுகள் பலவும் இப்போது கெட்டியான தெர்மோபிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் "டிக்" என்று கேட்கும், பழைய கறுப்பு ரப்பரைவிட நாள் தாங்கும், ஆனால் சுலபத்தில் விரியாது.

கிழிசல் இல்லை, சின்ன வாய்ப் பக்கம் மட்டும் கிரீஸ் கசிகிறது என்றால் கிளாம்ப் மட்டும் மாற்றிப் பாருங்கள். பூட்டும் வேண்டாம், ஆக்ஸிலும் வேண்டாம்.

ஜூன் 28
கிழிந்த பூட், கத்துகிற ஜாயிண்ட், "இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்?" என்று ஒருவர். கத்திக்கொண்டே வெகுதூரம் ஓடியதையும் பார்த்திருக்கிறேன், திடீரென்று விட்டதையும் பார்த்திருக்கிறேன். ஜாயிண்ட் உடைந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது, ஏனென்றால் டிஃபரன்ஷியல் சுற்றலையெல்லாம் எதிர்ப்பு இல்லாத பக்கத்துக்கே அனுப்பிவிடும். நடுச்சாலையில் இது ஒரு தலைவலி.

அதைவிட முக்கியமானது ஒன்று. அந்த நிலையில் ஆட்டோமேட்டிக் வண்டியை P-யில் போட்டுவிட்டு இறங்காதீர்கள். P பூட்டுவது கியர் பாக்ஸின் உள்ளே. ஒரு பக்க ஷாஃப்ட் உடைந்திருந்தால் டிஃபரன்ஷியல் வழியாக மறுபக்கச் சக்கரம் தாராளமாகச் சுற்றும், சரிவில் வண்டி உருண்டுவிடும். மேனுவல் வண்டியைக் கியரில் நிறுத்துவதும் அப்படித்தான். கைப்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, இரண்டும் வேண்டும். வேலைக்காக ஷாஃப்டைக் கழற்றி வைத்திருக்கும்போதும் இதே எச்சரிக்கைதான்.

ஜூலை 6
பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, நானும் போகிறேன். முன்சக்கர டிரைவ் பரவலாவதற்கு ஜாயிண்ட்தான் பெரிய தடையாக இருந்தது. 1926இல் பிரான்ஸில் கிரெகுவாரும் ஃபெனாயும் டிராக்டா என்கிற ஜாயிண்டோடு முன்சக்கர டிரைவ் வண்டி கட்டினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே ஃபோர்டு நிறுவனத்தின் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெஸெப்பா இந்த ஆறு குண்டு ஜாயிண்டை வடிவமைத்தார். 1959இல் வந்த மினி அதன் வழிவந்த ஜாயிண்டை மலிவான சிறு காருக்குக் கொண்டுவந்தது. இன்று உங்கள் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது அடிப்படையில் அதேதான்.

பழைய ஆட்களின் ஒரு வித்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி பெரும்பாலும் முன்னோக்கியே ஓடுவதால் குண்டு பள்ளத்தின் ஒரு சுவரிலேயே அழுந்தித் தேய்கிறது. எதிர்ச்சுவர் ஏறக்குறையப் புதுசாகவே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே ஜாயிண்ட் உள்ள வண்டியில் இடது வெளி ஜாயிண்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினால் தேயாத சுவர் வேலைக்கு வரும், சத்தம் அடங்கும். செதில் பெயர்ந்த ஜாயிண்டுக்கு இது உதவாது, தேய்ந்ததற்கு மட்டும். பிரேக்கிங்கில் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி ஏற்றுகிற மின்சாரக் கார்களில் இந்த வித்தையின் பலன் குறைவாகத்தான் இருக்கும். அங்கே காலை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் எதிர்ச்சுவருக்கும் வேலை இருக்கிறது.

ஜூலை 15
முதல் நாள் "வேறு கதை" என்று விட்ட அந்த ஒற்றைச் சத்தம். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகரும்போது ஒரே ஒரு "டிக்". அப்புறம் அமைதி. திரும்பவும் திசை மாற்றினால் திரும்பவும் ஒன்று. இதைக் கேட்டு ஆக்ஸில் மாற்றியவர்கள் உண்டு, புது ஆக்ஸிலிலும் அதே "டிக்" வரும்போதுதான் நொந்துபோவார்கள்.

பல வண்டிகளில் இது ஜாயிண்டே இல்லை. வெளி ஜாயிண்டின் தோளும் வீல் பேரிங்கின் முகமும் தொட்டு நிற்கிற இடத்தில் உலோகம் உலோகத்தைப் பிடித்துப் பிடித்து விடுகிற சத்தம். ஹப் நட்டைக் கழற்றி, ஷாஃப்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அந்த இரண்டு முகங்களையும் ஸ்ப்ளைனையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, மாலிப்டினம் பசையை மெல்லியதாகத் தடவி, புது நட் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினால் சத்தம் போய்விடும். தடவியது பிரேக் டிஸ்க்கிலோ ஏ.பி.எஸ். சென்சாரிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிது நாளில் "டிக்" திரும்பி வந்தால் நட் இறுக்கத்தை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் பக்கம் போங்கள்.